அவள் என்னும் அஃறிணை

1905இல் தொடங்கிய ஜெனீவா மோட்டார் கண்காட்சி இனி அந்த நகரத்தில் நடக்காது என்று 2024 மே மாத இறுதியில் அமைப்பாளர்கள் அறிவித்தார்கள். கொரோனாவால் 2020இல் கடைசி நேரத்தில் ரத்தான பிறகு அது எழுந்து நிற்கவேயில்லை. 2024இல் ஒருமுறை கூட்டிப் பார்த்தார்கள். பெரிய நிறுவனங்கள் பலவும் வரவில்லை. மூடல் செய்தி வந்ததும் கார்ப் பிரியர்கள் நினைவஞ்சலி எழுதத் தொடங்கினார்கள். 1961இல் ஜாகுவார் இ-டைப், 1966இல் லம்போர்கினி மியூரா, 1971இல் கவுன்டாச், 1980இல் ஆடி குவாட்ரோ என்று, அங்கே முதன்முதலாகத் திரை விலகிய வண்டிகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னார்கள்.

விருப்பத்தோடுதான் வாசித்தேன். எனக்குக் கார்கள் பிடிக்கும். எஞ்சின் முன்னால் இருக்கிறதா நடுவில் இருக்கிறதா என்பதைக் கொண்டு ஒரு வண்டி வளைவில் எப்படி நடந்துகொள்ளும் என்று ஊகிப்பது எனக்குப் பிடித்த விளையாட்டு. ஆனால் இந்த வகை எழுத்தை அடுத்தடுத்து வாசிக்கும்போது எல்லாவற்றிலும் ஒரே பெண் நடமாடுவது தெரிகிறது. அவளுக்கு இடுப்பு உண்டு, தோள் உண்டு, இமை உண்டு, வளைவுகள் உண்டு. மயக்குகிறாள், சீண்டுகிறாள், முரண்டு பிடிக்கிறாள், பணக்காரனிடம் போய்விடுகிறாள். இளமையில் முதல் காதலி. வயதானபின் செலவு வைப்பவள். அவள் செய்யாத ஒரே வேலை பேசுவது. கார்களைப் பற்றிக் கருத்துச் சொல்லும் பெண்ணை அங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பெண்ணியவாதிகள் கார்க் கண்காட்சியைப் பற்றிப் பேசும்போது வழக்கமாக வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்ட பெண்ணைப் பற்றிப் பேசுவோம். அது தேவையான பேச்சு. நானும் அதற்கு வருவேன். ஆனால் இங்கே முதலில் படிக்க விரும்புவது கண்காட்சியின் பேச்சை. புதிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சுற்றி நிற்பவர்கள் அதை எந்தச் சொற்களால் ரசிக்கிறார்கள்? அந்தச் சொற்கள் யாரை உள்ளே விடுகின்றன, யாரை வாசலில் நிறுத்துகின்றன? என் வாதம் இது: இந்தப் பேச்சு பெண்ணை உவமையாக எடுத்துக்கொள்கிறது, வண்டியை அறிந்தவளாகவோ ஆசைப்படுபவளாகவோ அவளை ஏற்க மறுக்கிறது. அந்த உவமையிலேயே மயங்கிக் காரையும் சரியாகப் பார்க்கத் தவறுகிறது.

*

ஆங்கிலக் கார்ப் பேச்சில் வண்டி ‘அவள்’. கப்பலிலிருந்து வந்த பழக்கம் என்பார்கள். அந்தப் பேச்சைத் தமிழில் பெயர்த்துப் பாருங்கள், முதல் வரியிலேயே முட்டும். தமிழில் கார் அஃறிணை. “வண்டி நல்லா ஓடுது” என்போமே தவிர, “வண்டி நல்லா ஓடுறா” என்று எவ்வளவு பெரிய கார்ப் பைத்தியமும் சொல்வதில்லை. நம் இலக்கணம் அந்தக் கதவை அடைத்து வைத்திருக்கிறது.

இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. ‘பீஸ்’, ‘கட்டை’, ‘ஃபிகர்’, ‘அயிட்டம்’ என்று நம் ஊர்த் தெருமுனையில் பெண்ணுக்குப் புழங்கும் சொற்களைப் பாருங்கள். அத்தனையும் அஃறிணை. “செம பீஸு மச்சி” என்ற வாக்கியத்தை மட்டும் கேட்டால், போனது வண்டியா பெண்ணா என்று திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். ஆங்கிலத்தில் பொருள் பெண்ணாகிறது. நம்மிடம் பெண் பொருளாகிறாள். போகும் திசை வேறு, போய்ச் சேரும் இடம் ஒன்று. பார்ப்பவன், விலை கேட்பவன், ஓட்டுபவன் ஒரு பக்கம்; பார்க்கப்படுவது மறுபக்கம். அந்த மறுபக்கத்தில் காரும் பெண்ணும் இடம் மாறிக்கொண்டே இருக்கலாம்.

*

உவமை வெறும் அலங்காரம்தானே, அதில் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். கெட்டுப்போவது என்ன என்பதை ஜெனீவாவில் அறிமுகமான மூன்று வண்டிகளைக் கொண்டு காட்ட முடியும்.

முதலாவது ஜாகுவார் இ-டைப். “உலகின் மிக அழகான கார்” என்று என்ஸோ ஃபெராரி சொன்னதாக ஒரு வாசகம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலவுகிறது. அதன் வளைவுகளைப் பெண்ணுடலோடு ஒப்பிடாத பாராட்டு அபூர்வம். அதே வண்டியின் நீண்ட முன்பகுதியை ஆண்குறி என்று கேலி செய்யும் மரபும் கூடவே வளர்ந்திருக்கிறது. ஒரே வண்டி பின்பக்கம் பெண், முன்பக்கம் ஆண். உண்மையில் அந்த வளைவுகள் எங்கிருந்து வந்தன? வடிவமைத்த மால்கம் சேயர் பிரிஸ்டல் விமான நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். தன்னை ‘ஸ்டைலிஸ்ட்’ என்று அழைப்பது அவருக்குப் பிடிக்காது. தான் காற்றியக்கவியல் தெரிந்த பொறியாளர் என்பார். மடக்கை அட்டவணையையும் ஸ்லைடு ரூலையும் வைத்துக்கொண்டு உடற்கூட்டின் வளைவுகளைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டார். முன்பகுதி நீளமானதற்குக் காரணம் உள்ளே ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் படுத்திருந்ததுதான். கணினி மேசைக்கு வராத காலத்தில் ஒரு மனிதர் காற்றின் பாதையைத் தாளில் கணக்குப் போட்டுப் பிடித்தார் என்பது எவ்வளவு சுவையான செய்தி! ‘இடுப்பு’ என்ற ஒற்றைச் சொல் அந்தச் செய்தியை விழுங்கிவிடுகிறது.

இரண்டாவது மியூரா. அதன் முகப்பு விளக்குகளைச் சுற்றிக் கறுப்புப் பட்டைகள் நிற்கும். அவற்றைக் ‘கண்ணிமை மயிர்’ என்கிறார்கள். 1971இல் ஜெனீவாவுக்கு வந்த எஸ்.வி. வகையில் அவை எடுக்கப்பட்டன. இமைமயிர் உள்ள மியூரா அழகா, இல்லாத மியூரா அழகா என்ற பட்டிமன்றம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. அந்த விளக்குகள் ஃபியட் 850 ஸ்பைடர் என்ற விலை குறைந்த சிறு காரிலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டவை. மியூராவின் சாகசம் முதுகுப் பக்கம் இருக்கிறது. பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் குறுக்காகத் திருப்பி வைத்தார்கள் ஜான் பாவ்லோ தல்லாராவும் பாவ்லோ ஸ்டான்ஸானியும். அப்போது இருவருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை. சாலையில் ஓடும் காரில் அப்படியொரு அமைப்பு அன்று பெரும் துணிச்சல். குறையும் இருந்தது. பெட்ரோல் தொட்டி முன்னால் இருந்ததால், எரிபொருள் தீரத் தீர முன்பக்கம் லேசாகும். அதிவேகத்தில் முன்சக்கரங்கள் தரையை இறுகப் பிடிக்காது.

இந்தக் குறையை ரசிகர்கள் எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? ‘அவள் கொஞ்சம் பிடிவாதக்காரி’, ‘கையாளத் தெரிந்தவனுக்குத்தான் வசப்படுவாள்’ என்கிற பாணியில். எடைப் பகிர்வில் நேர்ந்த பிசகு பெண்ணின் குணக்கோளாறு ஆகிவிடுகிறது. உயிருக்கே ஆபத்தான வடிவமைப்புக் குறைக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அடக்கிக் காட்டுபவனுக்கு அது பெருமையாகவும் ஆகிறது. பெண்ணைப் பற்றிய பழைய கற்பிதம் ஒன்று இங்கே தயாரிப்பாளருக்குக் கேடயம் பிடிக்கிறது. உவமையால் லாபம் யாருக்கு என்று கேட்டால் கிடைக்கும் பதில்களில் இதுவும் ஒன்று.

மூன்றாவது கவுன்டாச். அது வடக்கு இத்தாலியின் பியட்மான்ட் வட்டார வழக்குச் சொல். அழகான பெண்ணைப் பார்த்தால் அந்த ஊர் ஆண்கள் வாயில் வரும் வியப்பொலி என்றுதான் பெரும்பாலான கார்ப் புத்தகங்கள் சொல்லும். கேட்டவர்கள் கண்ணடிப்பார்கள். வடிவமைப்பாளர் மார்செல்லோ கந்தினி சொன்ன கதையில் பெண்ணே இல்லை. வண்டி உருவாகிக்கொண்டிருந்தபோது அவர்களோடு வேலை செய்த நெட்டையான தொழிலாளி ஒருவர் பியட்மான்ட் வழக்கில்தான் பேசுவார்; அடிக்கடி அந்தச் சொல்லைச் சொல்லுவார். அதன் நேர்ப்பொருள் கொள்ளைநோய், தொற்று. நம் ஊரில் ஆச்சரியம் தாளாமல் “அடக் கொள்ளையிலே போக” என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. இரவும் பகலுமாக உழைத்துக்கொண்டிருந்த பட்டறையில் ஒரு தொழிலாளியின் வாயிலிருந்து வந்த சொல் அது. ரசிகர் மரபு அந்தத் தொழிலாளியை வெளியே அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் பார்க்கப்படும் பெண்ணொருத்தியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

மூன்றிலும் ஒரே காரியம் நடக்கிறது. கணக்கும் உழைப்பும் பிழையும் இருக்க வேண்டிய இடத்தில் பெண்ணுடல் வந்து உட்கார்கிறது. உடலாக வந்தவள் வேறு எதுவாகவும் அங்கே வர முடிவதில்லை.

*

இதற்கு வேர் ஆழமானது. 1909 பிப்ரவரி 20 அன்று பாரிஸின் ‘லெ ஃபிகாரோ’ நாளிதழில் இத்தாலியக் கவிஞர் மரினெட்டியின் எதிர்காலவாத அறிக்கை வந்தது. சீறிப் பாயும் பந்தயக் கார், லூவர் அருங்காட்சியகத்தின் சமோத்ராஸ் வெற்றித் தேவதைச் சிலையைவிட அழகானது என்றார் மரினெட்டி. கலை வரலாற்று மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த இடம் அது. அதே அறிக்கை சில எண்கள் தள்ளிப் போரைப் போற்றுகிறது. பெண்களை இகழ்வதையும் தன் கொள்கையாக அறிவிக்கிறது. பெண்ணியத்தோடு போரிடுவோம் என்கிறது. வேகத்தின் அழகியலும் பெண்மீதான இகழ்ச்சியும் ஒரே தாளில் அச்சானவை. ஒப்பிடுவதற்கு அவர் தேர்ந்தெடுத்தது தலையும் கையும் இல்லாமல் நிற்கும் ஒரு பெண் சிலை என்பதையும் கவனிக்கலாம்.

1955 பாரிஸ் கண்காட்சியில் சிட்ரோவென் டி.எஸ். அறிமுகமானபோது முதல் நாளே ஆயிரக்கணக்கான முன்பதிவுகள் குவிந்தன. அந்த இரண்டு எழுத்துகளைப் பிரெஞ்சில் சேர்த்து உச்சரித்தால் ‘தேவி’ என்று வரும். ரோலான் பார்த் அந்த வண்டியைப் பற்றி எழுதிய சிறு கட்டுரை, ‘புராணங்கள்’ தொகுப்பில் இருக்கிறது. கண்காட்சிக்கு வந்தவர்கள் அந்தத் தேவியை எப்படித் தொட்டுத் தடவி, இருக்கையை அழுத்திப் பார்த்து, கண்ணாலும் கையாலும் தம் வசமாக்கினார்கள் என்பதை அதில் நுட்பமாகப் பதிவு செய்கிறார். வானத்திலிருந்து இறங்கிய தேவி நடுத்தர வர்க்கத்தின் கைப்பொருளாகும் சடங்கு என்று அதை வாசித்தார். வர்க்கத்தைக் கண்டுகொண்ட அந்தக் கூர்மையான கண், தொடும் கைகளையும் தொடப்படும் தேவியையும் பார்த்தபின்னும் பாலினத்தைக் கேள்வியாக்கவில்லை. தேவி ஏன் தேவி, தேவன் இல்லை என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

*

இனி, வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்கு வருகிறேன். உவமையைச் சதையும் ரத்தமுமாகக் கொண்டுவந்து நிறுத்தியதுதான் அவள். 1970களின் தொடக்கத்தில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் டி.வி.ஆர். என்ற சிறு ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனம் பெண்களை ஆடையின்றியே தன் வண்டியோடு நிறுத்தியது. விளம்பரத்துக்குப் பணமில்லாத நிறுவனத்தின் சாமர்த்தியம் என்று அதைச் சிரித்துக்கொண்டே நினைவுகூர்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

2015இல் ஷாங்காய் கண்காட்சி மாடல்களுக்குத் தடை போட்டது. 2018 ஜனவரியில் ஃபார்முலா 1, பந்தயத் தொடக்கத்தில் பெண்களைப் பலகையோடு நிறுத்தும் வழக்கத்தைக் கைவிட்டது. ‘மீ டூ’ அலைக்குப் பின் வந்த அந்த ஆண்டின் ஜெனீவாக் கண்காட்சியிலும் சில நிறுவனங்கள் அந்த ஏற்பாட்டைக் குறைத்துக்கொண்டன. நல்லது. ஆனால் ஃபார்முலா 1 முடிவு வந்தபோது அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த பெண்களில் சிலர் எதிர்த்தார்கள். எங்களைக் கேட்காமலே எங்களுக்காக முடிவெடுத்துவிட்டீர்கள் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். இதை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. குதிகால் உயர்ந்த செருப்போடு நாள் முழுக்கப் புன்னகை மாறாமல் நிற்பது கடும் உழைப்பு. அந்த உழைப்பை நிறுவனம் வாங்கியது. பிறகு தன் பெயரைக் காப்பாற்ற வேண்டி வந்ததும் நிறுத்திக்கொண்டது. வாங்கும்போதும் நிறுத்தும்போதும் பேசியவர்கள் அந்தப் பெண்கள் இல்லை.

அதோடு, மாடல்களை அகற்றிய மேடையில் காலியான இடத்துக்கு யார் வந்தார்கள்? எஞ்சினைப் பற்றி விளக்கும் பெண் பொறியாளர் அங்கெல்லாம் வந்துவிடவில்லை. பெண்ணுடல் மேடையிலிருந்து இறங்கியது, பேச்சிலிருந்து இறங்கவில்லை. வண்டியின் ‘இடுப்பை’ வருணிக்க மாடல் தேவையில்லையே.

*

பெண் உவமையாக இருக்கும்வரை கார் உயர்கிறது. அவளே வாங்குபவளாக வந்தால் காரின் மதிப்பு இறங்குகிறது. மாஸ்டா எம்.எக்ஸ்-5 இதற்கு நல்ல சான்று. 1989இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான இந்தச் சிறு இரு இருக்கை வண்டி, பத்து லட்சத்துக்கும் மேல் விற்று, உலகிலேயே அதிகம் விற்ற இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸ் பதிவில் இருக்கிறது. எடை குறைவு, பின்சக்கர இயக்கம், விரல் நுனியில் கியர் என்று கார்ப் பிரியர்கள் கோயில் கட்டிக் கும்பிடும் குணங்கள் அத்தனையும் அதில் உண்டு. ஆனாலும் பிரிட்டனில் அதற்குப் பட்டப்பெயர் ‘முடி அலங்காரம் செய்பவரின் கார்’. பெண்களும் தன்பாலின ஈர்ப்பாளர்களும் விரும்பி வாங்கும் கார் என்பதைத்தான் அந்தக் கேலி மறைமுகமாகச் சொல்கிறது. முடி அலங்காரத் தொழிலாளிமீதான வர்க்க ஏளனமும் அதில் சேர்ந்திருக்கிறது. வண்டியின் இயக்கத்தில் குறை சொல்ல ஏதுமில்லாதபோது, வாங்குபவரின் பாலினமே குறையாகிவிடுகிறது.

மின்சாரக் காரின் கதை இன்னும் பழையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மின்சாரக் கார் ‘பெண்களுக்கானது’ என்று விற்கப்பட்டது. கைப்பிடியைச் சுற்றி எஞ்சினை உயிர்ப்பிக்க வேண்டாம். புகை இல்லை, சத்தம் இல்லை. பெட்ரோல் காரை ஊரெங்கும் பரப்பிய ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஃபோர்டு ஓட்டியது டெட்ராய்ட் எலக்ட்ரிக் கார். நூறாண்டு கழித்து, 2018 ஜெனீவாவில் குரோஷியாவின் ரிமாட்ஸ் நிறுவனம் 1,914 குதிரைத்திறன் கொண்ட மின்சார வண்டியைத் திரை விலக்கியபோதும் ரசிகர்களிடம் பழைய முணுமுணுப்பு எழாமல் இல்லை: சத்தம் இல்லை, ஆன்மா இல்லை. அதன் வேகத்தைக் குறைசொல்ல அவர்களால் முடியாது. உறுமல் இல்லாத வலிமையை ‘நிஜக் கார்’ என்று ஒப்புக்கொள்வதில்தான் சிக்கல்.

இந்தப் பேச்சின் சில்லறை வடிவத்தை நம்மில் பலர் அனுபவித்திருப்போம். நான் கார் வாங்கப் போனபோது விற்பனையாளரிடம், இந்த டர்போ எத்தனை ஆர்.பி.எம்.மில் வேலை செய்யத் தொடங்கும் என்று கேட்டேன். அவர் பதிலை என் தம்பியைப் பார்த்துச் சொன்னார். காசோலை என் பெயரில் இருந்தது. தம்பிக்கு வண்டி ஓட்டவே தெரியாது. கடைசியில், “சார், மேடத்துக்கு எந்தக் கலர் பிடிக்கும்னு கேட்டுச் சொல்லுங்க” என்றார். நிறம் என்னுடையது, எஞ்சின் தம்பியுடையது. ஜெனீவாவின் பளபளப்பான மேடையில் நடப்பதும் இந்தப் பாகப்பிரிவினைதான்.

*

அந்தப் பாகப்பிரிவினையை ஏற்காத பெண்கள் கார் வரலாறு நெடுக இருந்திருக்கிறார்கள். 1980 மார்ச்சில் ஆடி நிறுவனம் குவாட்ரோவை ஜெனீவாவில் காட்டியது. நான்கு சக்கர இயக்கம் கரடுமுரடான ஜீப்புகளுக்கானது என்ற எண்ணத்தை ஸ்போர்ட்ஸ் காரில் உடைத்த வண்டி. அதை உலகத் தர ராலிப் பந்தயத்தில் நிரூபித்தவர்களில் முக்கியமானவர் பிரான்ஸின் மிஷெல் மூத்தோன். 1981இல் இத்தாலியின் சான்ரெமோ ராலியை, ஃபாப்ரிட்ஸியா பான்ஸ் வழிகாட்ட, வென்றார். வண்டிக்குள் இருந்த இருவரும் பெண்கள். 1982இல் போர்ச்சுகல், கிரீஸ், பிரேசில் ராலிகளை வென்று, உலகப் பட்டத்தில் இரண்டாம் இடம் பெற்றார். உலக ராலிச் சுற்று ஒன்றை வென்ற ஒரே பெண் இன்றும் அவர்தான். குவாட்ரோவைப் புகழும் எழுத்துகளில் அவர் பெயர் வராமல் இல்லை. ஆனால் எப்படி வருகிறது? ‘பெண்ணாக இருந்தும்’ என்ற ஒட்டோடு வருகிறது. அவர் வென்றது விதிவிலக்கு ஆகிறது. விதி அப்படியே நிற்கிறது.

வடிவமைப்பிலும் இதே கதைதான். 2009 ஜனவரியில் டெட்ராய்ட்டில் அறிமுகமான பி.எம்.டபிள்யூ. இசட்4இன் வெளித்தோற்றம் யூலியானே பிளாஸியுடையது, உள்வடிவம் நாதியா அர்னாவுட்டுடையது. 2015இல் அதே டெட்ராய்ட்டில் வந்த புதிய என்.எஸ்.எக்ஸ். சூப்பர் காரின் வெளிவடிவக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் மிஷெல் கிறிஸ்டென்சென். இவர்கள் வரைந்த வளைவுகளையும் ரசிகர்கள் ‘அவளுடைய’ வளைவுகள் என்றுதான் வருணிக்கிறார்கள். பெண் வரைந்த கோட்டைப் பெண்ணின் அறிவாகப் பார்க்க வாய்ப்பிருந்தும், அதை மறுபடியும் பெண்ணின் உடலாகவே பார்க்கிறது பழகிப்போன கண்.

2004 ஜெனீவாவில் வால்வோ காட்டிய ஒய்.சி.சி. வேறுவிதச் சிக்கலைக் கிளப்பியது. முடிவெடுக்கும் இடங்களில் எல்லாம் பெண்களே இருந்த குழு உருவாக்கிய மாதிரிக் கார் அது. தானே பார்க்கிங் செய்ய உதவும் வசதி, குதிரைவால் கொண்டை இடிக்காத தலைச்சாய்வு, மூடி இல்லாத எரிபொருள் துளை என்று அதில் பல நல்ல யோசனைகள் இருந்தன. ஆனால் ஓட்டுபவர் திறந்து பார்க்க பானெட்டே கிடையாது. எஞ்சினைப் பார்க்க வேண்டுமென்றால் மெக்கானிக் முன்பகுதி முழுவதையும் தூக்க வேண்டும். பெரும்பாலானவர்கள், ஆண்களும்கூட, பானெட்டைத் திறப்பதே இல்லை என்ற நியாயத்தை ஏற்கலாம். நடைமுறைக்கு அது சரி. ஆனால் கண்காட்சிப் பேச்சில் பெண்ணுக்கு மறுக்கப்பட்டு வந்ததே அந்த மூடிக்கு உள்ளே பார்க்கும் உரிமைதான். பெண்களே செய்த காரிலும் அந்த மூடி பூட்டப்பட்டிருந்தது எனக்கு நெருடலாகவே இருக்கிறது. அது உற்பத்திக்கு வராமலே நின்றுவிட்டது. பெண்களுக்குத் தனிக் கார் தேவை என்பதைவிட, இருக்கும் எல்லாக் கார்களின் பானெட்டையும் திறக்கும் உரிமை தேவை என்பேன்.

*

இவ்வளவு நேரம் சொற்களைப் பற்றிப் பேசினேன். சொற்களுக்கு வெளியே உயிர் இருக்கிறது. மோதல் சோதனையில் காருக்குள் உட்கார வைக்கும் பொம்மைகளில் உலகெங்கும் அதிகம் பயன்படுவது ‘ஹைப்ரிட் 3’. 1976இல் ஜெனரல் மோட்டார்ஸ் உருவாக்கியது. சுமார் 175 செ.மீ. உயரமும் 78 கிலோ எடையும் உள்ள சராசரி ஆணின் அளவு அதற்கு. பெண்ணுக்கென்று பயன்பட்ட பொம்மை, அதே ஆண் உருவத்தைச் சுமார் 150 செ.மீ. உயரத்துக்குச் சுருக்கியது. சராசரிப் பெண்ணின் உடல் பல பத்தாண்டுகள் சோதனைக் கூடத்துக்கே வரவில்லை. நேருக்கு நேர் மோதலில், சீட் பெல்ட் போட்டிருந்தும், பெண்ணுக்குக் கடும் காயம் ஏற்படும் வாய்ப்பு ஆணைவிட 73 சதவீதம் அதிகம் என்று 2019இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. அண்மைக் கார்களில் இந்த வேறுபாடு குறைந்துவருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பின்னாலிருந்து மோதும் விபத்துக்கான சராசரிப் பெண் பொம்மையை ஸ்வீடனில் ஆஸ்த்ரித் லிண்டர் தலைமையிலான குழு வெளிக்கொண்டுவந்தபோது ஆண்டு 2022.

காரின் ஒவ்வொரு வளைவிலும் பெண்ணுடலைக் கண்ட தொழில், அந்தக் காருக்குள் உட்காரும் பெண்ணுடலைக் காண இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது. கண்காட்சிப் பேச்சும் பொறியியல் அலட்சியமும் காரண காரியமாக நேரடியாகப் பிணைந்தவை என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே பழக்கத்தில் விளைந்தவை: பெண்ணுடல் வெளியிலிருந்து பார்ப்பதற்கு உரியது, உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்கு உரியதாக முதலில் நினைவுக்கு வருவதில்லை.

*

இப்படியெல்லாம் பேசினால் ரசனையே செத்துவிடும் என்பது கார்ப் பிரியர்களின் வழக்கமான பதில். ரசனையை விட்டுவிடச் சொல்ல எனக்கு உத்தேசமே இல்லை. வேகத்தின்மீதும் இயந்திரத்தின்மீதும் உண்டாகும் மோகம் ஆணுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து இல்லை. அதில் எனக்கும் பங்கு வேண்டும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். எனக்குப் பிடித்த ஒரு வண்டியைப் பற்றிய வருணனையில் நான் உவமையாக மட்டும் இருக்க முடியும் என்றால், அந்த ரசனை எனக்கு எதற்கு?

மியூராவைப் பற்றி வேறு மாதிரியும் பேசலாம். அது இடுப்பளவு உயரம்தான். உள்ளே உட்கார்ந்தால் ரோடு கண்ணுக்கு வெகு அருகில் வந்துவிடும். பன்னிரண்டு சிலிண்டர்கள் தலைக்குப் பின்னால், ஒரு கண்ணாடிக்கு அப்பால் எரிகின்றன. சத்தத்தில் பக்கத்து இருக்கையோடு பேச முடியாது. எரிபொருள் தீரத் தீர முன்சக்கரம் லேசாகும். அது இளம் பொறியாளர்கள் அவசரத்தில் விட்ட குறை. இரண்டு விளக்குகளும் மலிவான ஃபியட்டிலிருந்து வந்தவை. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. இந்த வருணனையில் எதைச் சொல்ல முடியாமல் போனது? ஆச்சரியம் இருக்கிறது, ஆசை இருக்கிறது, குறையைக் குறையென்று சொல்லும் நேர்மையும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும், எந்த உடலோடும், இதைச் சொல்லலாம்.

தமிழில் கார்களைப் பற்றி எழுதுகிறவர்கள், பேசுகிறவர்கள் இப்போது பெருகிவருகிறார்கள். ஆங்கிலத்தின் ‘அவளை’ இறக்குமதி செய்ய வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. காருக்கு ‘அது’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்வோம். தெருமுனையில் ‘பீஸ்’ என்று அஃறிணைக்குத் தள்ளிவிட்டவளைத் திரும்ப ‘அவள்’ ஆக்குவதுதான் நமக்கு மிச்சமுள்ள வேலை. அடுத்த முறை ஒரு புது வண்டியைச் சுற்றிக் கூட்டம் நிற்கும்போது, “டர்போ எத்தனை ஆர்.பி.எம்.மில் வேலை செய்யத் தொடங்கும்?” என்று கேட்கிறவள் அவளாக இருக்கலாம். பதிலை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.